இளைப்பு நோயாளியின் இதயம்

மதுரையில் நெஞ்சில் கோளாறு என்றால் போவதற்கு இரண்டு திசைகள் உண்டு. மாரடைப்பு, படபடப்பு என்றால் பனகல் சாலையில் இருக்கும் பெரியாஸ்பத்திரி. ஒரு காலத்தில் எர்ஸ்கின் மருத்துவமனை, இன்று அரசு இராசாசி மருத்துவமனை. நாள்பட்ட சளி, காசம், இளைப்பு என்றால் திருமங்கலம் போகும் வழியில் தோப்பூர்ப் பக்கம் ஆஸ்டின்பட்டியில் உள்ள நெஞ்சக நோய் மருத்துவமனை. பெரியாஸ்பத்திரியிலேயே நெஞ்சக நோய்ப் பிரிவு இருந்தாலும், சனங்களின் மனக்கணக்கில் ஹார்ட் டாக்டர் வேறு, வீசிங் டாக்டர் வேறு. ஒருவர் எழுதிய சீட்டை மற்றவரிடம் காட்டுவது அபூர்வம்.

கடந்த இருபது ஆண்டுகளாக வெளிவரும் ஆய்வுகள் இந்தப் பாகப்பிரிவினையின் மேலேயே கைவைக்கின்றன. ஆஸ்துமா உள்ளவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலா? கூடுதல் என்றால் எவ்வளவு, யாருக்கு, எதனால்? படித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடர்பு இருக்கிறது, ஆனால் அது பயமுறுத்தும் அளவுக்குப் பெரியதல்ல, எல்லா ஆஸ்துமாக்காரருக்கும் பொதுவானதும் அல்ல. நம் வட்டாரத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து, இளைப்புக்கு நாம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் முறையில் இருக்கிறது.

முதலில் ஆய்வுகள். அமெரிக்காவில் பல இனத்தவரைச் சேர்த்து நடக்கும் ‘மெசா’ என்ற நீண்டகால ஆய்வு 2015இல் ஒரு கணக்கை வெளியிட்டது. இதய நோய் இல்லாத 6,792 பேரைச் சராசரியாக ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தினமும் மருந்து தேவைப்படும் நிரந்தர ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும் வாய்ப்பு 1.6 மடங்காக இருந்தது. எப்போதாவது இழுப்பு வரும் ரகத்தினருக்கு அப்படிக் குறிப்பிடத்தக்க கூடுதல் எதுவும் தெரியவில்லை. செய்தித்தாள்கள் 1.6 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டன. அந்த நிரந்தர ஆஸ்துமாக் கூட்டத்தில் இருந்தவர்கள் 156 பேர்தான் என்பது பல செய்திகளில் விட்டுப்போயிற்று. புள்ளியியல்படி உண்மையான அளவு 1.01 முதல் 2.5 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அதாவது இரண்டரை மடங்காகவும் இருக்கலாம், ஏறக்குறைய ஒன்றுமில்லை என்றாகவும் இருக்கலாம்.

அதே குழு கழுத்து ரத்தக்குழாயை ஸ்கேன் செய்து பார்த்ததன் முடிவை 2022இல் வெளியிட்டது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இந்தக் குழாயில் கொழுப்புப் படிவு இருந்தால் இதயக் குழாயிலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பது மருத்துவர்களின் அனுபவம். ஆஸ்துமா இல்லாதவர்களில் 50.5 சதவீதத்தினருக்குப் படிவு இருந்தது. எப்போதாவது இழுப்பு வருபவர்களில் 49.5 சதவீதம். நிரந்தர ஆஸ்துமாக்காரர்களில் 67 சதவீதம். வயது, புகைப்பழக்கம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. இங்கேயும் 5,029 பேரில் நிரந்தர ஆஸ்துமாக்காரர்கள் 109 பேர்தான்.

வேறு இடங்களிலும் இதே சாயல் தென்படுகிறது. வடக்குக் கலிபோர்னியாவில் சுமார் 70,000 ஆண்களையும் 81,000 பெண்களையும் வைத்து 2004இல் வந்த ஆய்வில், ஆஸ்துமா உள்ள பெண்களுக்கு இதயக் குழாய் நோய் 22 சதவீதம் கூடுதல். ஆண்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. 2008இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, வயது வந்தபின் ஆஸ்துமா தொடங்கிய பெண்களிடம் இது ஏறத்தாழ இரு மடங்கு என்றது. சிறுவயதில் தொடங்கியவர்களிடம் அது காணப்படவில்லை. நார்வேயில் 54,567 பேரைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, இதயத் துடிப்பு தாளம் தப்பிப்போகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறு ஆஸ்துமாக்காரருக்கு 38 சதவீதம் கூடுதலாக வருகிறது. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவருக்கு 74 சதவீதம்.

ஆக, ஒரு கோடு தெளிகிறது. பள்ளிக்கூட நாட்களில் இளைப்பு இருந்து, வளர்ந்ததும் விட்டுப்போனவர் கவலைப்பட வேண்டியதில்லை. முப்பது, நாற்பது வயதுக்கு மேல் தொடங்கி, தினமும் தொந்தரவு கொடுத்து, கட்டுக்கு வராத ஆஸ்துமாதான் விசாரிக்க வேண்டியது, அதிலும் பெண்களிடம்.

எதிர்வாதமும் வலுவானதே. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் நடந்த பெரிய ஆய்வு, புகைபிடிக்கும் ஆஸ்துமாக்காரரையும் பிடிக்காதவரையும் பிரித்துப் பார்த்தது. இதயத்துக்கு வரும் கேட்டின் பெரும்பங்கு சிகரெட்டின் கணக்கில்தான் போய் விழுந்தது. உடல் பருமன், குறட்டையோடு வரும் தூக்க மூச்சுத்தடை, நடக்கப் பயந்து உட்கார்ந்தே இருப்பது ஆகியவை ஆஸ்துமாவோடும் சேர்ந்து வரும், இதய நோயோடும் சேர்ந்து வரும். இவற்றை முழுதாகக் கழிப்பது எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் எளிதல்ல. மரபணுக்களை வைத்துக் காரண காரியம் தேடும் புதிய வகை ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மெசாவில் வெள்ளையர், கறுப்பினத்தவர், சீன வம்சாவளியினர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் இருந்தார்கள், தெற்காசியர் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க, அமெரிக்காவில் குடியேறிய தெற்காசியருக்கென்று பிறகு தொடங்கிய ஆய்வின் சுருக்கப் பெயர் ‘மசாலா’. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004இல் வெளியான ‘இன்டர்ஹார்ட்’ ஆய்வின்படி, தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் நடு வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. ஏற்கெனவே ஆறு ஆண்டு முந்திக்கொண்டு நிற்கும் ஆபத்தின் மேல் ஆஸ்துமா என்ன சேர்க்கிறது என்பதை அமெரிக்க எண்ணை அப்படியே இறக்குமதி செய்து சொல்லிவிட முடியாது.

எதனால் இந்தத் தொடர்பு? ஆஸ்துமா வெறும் மூச்சுக்குழாய்ச் சுருக்கம் அல்ல, ஓயாத அழற்சி. அந்த அழற்சியின் வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலந்து ஊர் சுற்றுகின்றன. ரத்தக்குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிவதற்கும் அழற்சியே ஏதுவாகிறது. ஒவ்வாமையில் முன்னிற்கும் மாஸ்ட் செல்கள் இதயக் குழாய்களின் கொழுப்புப் படிவுகளிலும் இருக்கின்றன. 1991இல் கிரேக்க மருத்துவர் கூனிஸ் விவரித்த ஒரு நிலை உண்டு. குளவி கொட்டியோ மருந்து ஒத்துக்கொள்ளாமலோ கடும் ஒவ்வாமை வரும்போது இதயக் குழாயே சுருங்கி நெஞ்சுவலியும் மாரடைப்பும் வருவது. அரிது என்றாலும், ஒவ்வாமைக்கும் இதயத்துக்கும் நேர்வழி ஒன்று இருப்பதற்கு அது சாட்சி. ஆனால் அழற்சிக் கதை முழுமையானதல்ல. கழுத்துக்குழாய் ஆய்வில் ரத்தத்தின் வழக்கமான அழற்சி அளவுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு குறையவில்லை. வேறு ஏதோவும் நடக்கிறது.

அந்த வேறு ஏதோவில் காற்றுக்குக் கட்டாயம் பங்குண்டு. நுண்துகள் மூச்சுக்குழாயையும் தாக்கும், ரத்தத்தில் இறங்கி இதயக் குழாயையும் தாக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த ஆண்டு வரம்பு ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்திய வரம்பு 40. அந்த எட்டு மடங்கு இடைவெளியில்தான் நாம் மூச்சு விடுகிறோம். அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக்கிடங்கின் புகை, கோரிப்பாளையத்தில் சிக்னலுக்கு நிற்கும் பஸ்களின் புகை, தண்ணீர் ஓடாத மாதங்களில் வைகை மணலிலிருந்து எழும் புழுதி. வெளியே போனால் வேறு தூசு: மேலூர்ப் பக்கம் கிரானைட் பொடி, சோழவந்தான், வாடிப்பட்டிக் களத்துமேடுகளில் கதிரடிக்கும் நாட்களில் வைக்கோல் தூசி, கண்ட இடமெல்லாம் சீமைக் கருவேல மகரந்தம். சீமைக் கருவேலத்தை வெட்டச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. அது நிலத்தடி நீரைப் பற்றிய வழக்கு, ஒவ்வாமையைப் பற்றியதல்ல. மரம் மறுபடி தழைத்துவிட்டது என்பது கண்மாய்க் கரையில் நடந்தவருக்குத் தெரியும்.

அடுப்புப் புகை தனி. கேஸ் சிலிண்டர் வந்த வீட்டிலும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகுதான். திருவள்ளூர் மாவட்டத்தின் 45 கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வந்த ஆய்வில், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் 2.44 சதவீதத்தினரிடம் இருந்தது. பீடியைத் தொடாத பெண்களுக்கு பீடிக்காரரின் நோய். இந்த அடைப்பு நோய்க்கும் இதயத்துக்கும் உள்ள பந்தம் ஆஸ்துமாவைவிடப் பல மடங்கு உறுதியானது. ஆனால் நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: வீசிங்.

இங்கேதான் விஷயம் கனக்கிறது. மூச்சில் விசில் சத்தம் கேட்டால் அது ஆஸ்துமாவாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இதயத்தின் இடப்பக்கம் பலவீனமானால் ரத்தம் பின்தேங்கி நுரையீரலில் நீர் கோக்கும். அந்த ஈரத்தில் மூச்சுக்குழாய் சுருங்கி அச்சு அசலாக ஆஸ்துமா போலவே இழுக்கும். இதைக் கார்டியாக் ஆஸ்துமா என்றே மருத்துவ நூல்கள் அழைக்கின்றன. படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் தணிவது. நள்ளிரவில் திடுக்கிட்டு எழுந்து சன்னலைத் தேடுவது. சாயங்காலம் செருப்பு வார் பதியும்படி கால் வீங்குவது. அறுபது வயதில் முதன்முறையாக ‘வீசிங்’ வந்த சர்க்கரை நோயாளியிடம் இவை இருந்தால் முதல் சந்தேகம் இதயத்தின் மேல் விழ வேண்டும். பல வருடச் சர்க்கரை, நரம்பை மரக்கச் செய்து மாரடைப்பின் வலியையே மறைத்துவிடும். மூச்சுத்திணறல் மட்டும்தான் அறிகுறியாக மிஞ்சும்.

இளம்பெண்களிடம் வேறொரு மாறாட்டம். சிறுவயதில் தொண்டைப்புண்ணும் மூட்டுவலியுமாக வந்த ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கும். கல்யாணம் ஆகி, கர்ப்பம் தரித்து, ரத்த ஓட்டம் கூடும்போது அந்தக் குறுகிய வாசல் தாங்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இருமல் வரும். “உங்கம்மாவுக்கும் இளைப்பு உண்டே” என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். ஒரு எக்கோ எடுத்தால் உண்மை தெரிந்துவிடும். அதேபோல மில் தொழிலாளி. 1892இல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் நூற்பாலை தொடங்கியதிலிருந்து பல தலைமுறைகள் பஞ்சுத் தூசியில் வேலை பார்த்திருக்கின்றன. வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் நெஞ்சை இறுக்கிப் பிடிப்பது பஞ்சுத்தூசி நோயான பிஸினோசிஸின் முத்திரை. அதுவும் ஆஸ்துமா என்றே சீட்டில் ஏறிவிடக்கூடும்.

எல்லா இளைப்புக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒரே வைத்தியம்தான் நடக்கும். அது என்ன வைத்தியம் என்று பார்ப்போம்.

ஆஸ்துமா மருந்து இதயத்தைத் தொடுவது புதிய சங்கதி அல்ல. ஊமத்தையை உலர்த்திப் புகைபிடித்தால் இழுப்பு தணியும் என்பது இந்தியாவில் பழைய கைவைத்தியம். அதை மதராஸில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் கேள்விப்பட, ஜெனரல் ஜென்ட் 1802இல் பிரிட்டனுக்கு எடுத்துச் சென்றார். அடுத்த நூறாண்டுக்கு மேல் ஐரோப்பிய மருந்துக்கடைகளில் ஊமத்தைக் குடும்பத்தின் ஆஸ்துமாச் சிகரெட் விற்றது. மூச்சுக்குழாயை விரிக்கும் அதே சத்துதான் இதயத்தை ஓட ஓட விரட்டும், அளவு மீறினால் புத்தியைப் பேதலிக்க வைக்கும். அதைச் செம்மைப்படுத்திய வாரிசுகள்தான் இன்றைய இன்ஹேலர் மருந்துகளான ஐப்ரட்ரோபியமும் டையோட்ரோபியமும். (இதைப் படித்துவிட்டு யாரும் வேலியோரத்து ஊமத்தையைப் பறிக்கக் கிளம்ப வேண்டாம்.)

இப்போதைய வழக்கத்துக்கு வருவோம். ராத்திரி முழுக்க இழுத்திருக்கிறது. காலையில் தெருமுனைக் கிளினிக். பெஞ்சில் ஏழெட்டுப் பேர். நெபுலைசர் மாஸ்க்கை மாட்டிப் பத்து நிமிடம், பிறகு டெரிஃபிலின் ஒரு ஊசி, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஒரு ஊசி, வீட்டுக்கு சால்பியூட்டமால் மாத்திரை. மத்தியானத்துக்குள் மூச்சு சீராகிவிடுகிறது. நன்றியோடு திரும்பி, பத்து நாளில் மறுபடி வந்து அதே பெஞ்சில் உட்காருவார். இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால், “பம்பு பழகிட்டா விட முடியாதாமே டாக்டர், ஊசி போட்டாத்தான் நமக்குக் கேக்கும்” என்பார். பொண்ணு பார்க்க வரும் வீட்டில் இன்ஹேலர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று பீரோவுக்குள் ஒளித்து வைக்கும் தாய்மாரும் உண்டு.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். ஒரு மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது நாற்பது அழுத்தலின் அளவு. இன்ஹேலரில் மருந்து மூச்சுக்குழாய்க்கே போகிறது. மாத்திரையில் வயிறு, ஈரல், இதயம் எல்லாவற்றையும் சுற்றிவிட்டு மிச்சம் நுரையீரலுக்கு வருகிறது. கை நடுங்குவதும் நெஞ்சு படபடப்பதும் அதனால்தான். இந்த மருந்து இனம் ஒரு வேளையிலேயே துடிப்பை நிமிடத்துக்கு 9 கூட்டும், ரத்தத்தில் பொட்டாசியத்தை இறக்கும் என்று 2004இல் பல சோதனைகளைத் தொகுத்த ஆய்வு காட்டியது. ஆரோக்கியமான இதயம் இதைப் பொறுத்துக்கொள்ளும். அடைப்புள்ள இதயம், தாளம் தப்பக்கூடிய இதயம் பொறுக்குமா என்பதுதான் கேள்வி. டெரிஃபிலினில் இருக்கும் தியோஃபிலின் இனமோ நூல்மேல் நடக்கும் மருந்து. குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. சளிக்கென்று சிப்ரோஃப்ளாக்ஸசின் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் தியோஃபிலின் அளவு ஏறி, துடிப்பு தறிகெடலாம்.

ஸ்டீராய்டுக்கு வருவோம். இங்கே பலருக்குக் குழப்பம். இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு மைக்ரோகிராம் கணக்கு. மாத்திரை, ஊசி ஸ்டீராய்டு மில்லிகிராம் கணக்கு. ஸ்காட்லாந்தில் 68,000க்கு மேற்பட்ட பயனாளிகளை வைத்து 2004இல் வந்த ஆய்வு, தினம் 7.5 மில்லிகிராம் பிரட்னிசோலோனுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் இரண்டரை மடங்கு என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, எடை எல்லாம் ஏறும். கடும் தாக்குதலின்போது ஐந்தாறு நாள் எடுப்பது உயிர்காக்கும், அதற்கு அஞ்சக் கூடாது. மாதம் தவறாமல் ஊசி போட்டுக்கொள்வதும், பெயரில்லாத பொட்டலத்தில் வரும் ‘மூலிகை ஆஸ்துமாப் பொடி’யைத் தின்று முகம் உருண்டையாவதும் வேறு கதை. அந்தப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வகச் சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. ஆடாதோடையையும் திப்பிலியையும் நான் குறை சொல்லவில்லை. ஆடாதோடையின் சத்தை ஒட்டிச் செய்ததுதான் சளி மருந்தான புரோம்ஹெக்சின். பொட்டலத்தில் பெயர் எழுதாதவரைத்தான் நம்பக் கூடாது.

மறுபக்கம், ஒழுங்காக எடுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஆஸ்துமா மரணத்தையே குறைக்கிறது. கனடாவில் 2000ஆம் ஆண்டு வந்த ஆய்வு, ஆண்டில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு கேனிஸ்டருக்கும் மரண வாய்ப்பு 21 சதவீதம் இறங்குவதைக் காட்டியது. சால்பியூட்டமாலை மட்டும் தனியாக நம்பி ஆஸ்துமாவை நடத்தக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குழுவான ‘ஜீனா’ 2019இல் சொல்லிவிட்டது. இந்தியாவில் உலக ஆஸ்துமா நோயாளிகளில் 13 சதவீதத்தினர் இருக்கிறார்கள். உலக ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இங்கே நடக்கிறது. மதிப்பீடுதான், துல்லியமான எண்ணிக்கை அல்ல. ஆனாலும் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் கிடப்பது அந்தக் கிளினிக் பெஞ்சுதான் என்பது என் எண்ணம்.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு. இதய மருந்து மூச்சைப் பிடிப்பது. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் தரும் பீட்டா பிளாக்கர்களில் புரோப்ரனலால் போன்றவை ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். பைசோப்ரலால், மெட்டோப்ரலால் போன்ற தேர்ந்தெடுத்த வகைகளை மருத்துவர் மேற்பார்வையில் பலர் தாங்குகிறார்கள். இதில் யாரும் எதிர்பாராத வாசல் கண். கண் நீர் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு மருந்தும் ஒரு பீட்டா பிளாக்கர். கண்ணிலிருந்து மூக்கு வழியாக ரத்தத்தில் இறங்கி மூச்சுக்குழாயை இறுக்கும், துடிப்பைக் குறைக்கும். 1976இல் பதினொரு படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது; கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாத வீடு குறைவு. கண் டாக்டர் “ஆஸ்துமா உண்டா?” என்று கேட்கும்போது, அதற்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அலட்சியமாகத் தலையாட்டிவிடக் கூடாது.

ஆஸ்பிரின் இன்னொன்று. வயது வந்த ஆஸ்துமாக்காரர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு, குறிப்பாக மூக்கில் சதை வளர்ந்தவர்களுக்கு, ஆஸ்பிரினும் அதன் இனத்து வலி மாத்திரைகளும் கடும் இழுப்பைக் கொண்டுவரும். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் 2023 முதல் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கு முதல் வேளை மாத்திரைகளாக ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் தருகிறார்கள். பெரியாஸ்பத்திரிக்கு வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும் ஊர்களுக்கு இது பெரும் கொடை. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்த சிலர் அதை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். மற்ற ஆஸ்துமாக்காரர் மாரடைப்பு நேரத்தில் ஆஸ்பிரினுக்குப் பயந்து மறுப்பது பெரிய தவறு. எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரை தரும் வறட்டு இருமலையும், ஸ்டென்ட் வைத்தபின் தரும் டிகாக்ரிலார் சிலருக்கு உண்டாக்கும் மூச்சு வாங்கலையும் ஆஸ்துமா என்று தவறாக எண்ணி மேலும் மருந்து ஏற்றுவதும் நடக்கக்கூடியதே.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார். அதே திண்ணையில் உட்கார்ந்து மூச்சைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கவும், மூச்சின் வேகத்தை அளக்கும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டரை ஊதச் சொல்லவும் ஐந்து நிமிடம் ஆகும். சில நூறு ரூபாய்க் கருவி அது. அரசு இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. நாற்பது வயதுக்கு மேல் புதிதாக இளைப்பு தொடங்கினால் மூச்சளவுச் சோதனையான ஸ்பைரோமெட்ரியோடு ஒரு ஈசிஜியும் எக்கோவும் கேளுங்கள். நிரந்தர ஆஸ்துமா இருந்தால் ஆண்டுக்கொரு முறை பிரஷர், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். படபடப்புக்குப் பயந்து இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் வரும் ஆபத்து அதைவிடப் பெரிது. வழக்கமான அளவு இன்ஹேலர் எடுத்தும் தணியாத மூச்சுத்திணறலோடு வியர்த்துக் கொட்டினாலோ, நெஞ்சு கனத்தாலோ, தாடைக்கும் இடக் கைக்கும் வலி பரவினாலோ வீசிங் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் மருந்துப் பையை முழுதாகக் கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள், கண் சொட்டு மருந்தையும் சேர்த்து.